ஐந்து பையன்களும் ஒரு கணக்கு நோட்டும்: ஓர் ஆங்கிலக் கிராமத்துத் தேவாலயத்தின் கதை

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து திருத்தி எழுதப்பட்டது)

இன்னைக்கு எபிசோடு ஒரு நேயர் அனுப்பின கேள்வியிலிருந்து ஆரம்பிக்குது. அவர் இங்கிலாந்தில் படிக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ஏதோ ஒரு கிராமத்துக்குப் போயிருக்கிறார். ஊரில் கடைகூடக் கிடையாது. ஆனால் வயலுக்கு நடுவில் கல்லால் கட்டின ஒரு தேவாலயம் நிற்கிறது. வாசலில் "13-ஆம் நூற்றாண்டு" என்று ஒரு பலகை. உள்ளே யாருமே இல்லை. "இந்த வருஷத்தை எல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? அந்தக் கட்டடத்துக்குள்ள வாழ்ந்த மனுஷங்களைப் பத்தித் தெரிஞ்சுக்க வழி இருக்கா?" இதுதான் கேள்வி.

முதல் பாதிக்குப் பதில் சுலபம். இரண்டாவது பாதிக்குப் பதில் தேடப் போய்த்தான் நான் இரண்டு வாரமாக ஒரே ஒரு ஊரில் மாட்டிக்கொண்டேன். அந்த ஊரின் பெயர் மோர்பாத். தென்மேற்கு இங்கிலாந்தில் டெவன் மாவட்டம், எக்ஸ்மூர் மேட்டுநிலத்தின் தெற்கு ஓரம். 500 வருஷத்துக்கு முன்னால் அங்கே இருந்தது மொத்தம் 33 குடும்பங்கள். நம்ம அபார்ட்மெண்டில் ஒரு பிளாக்கில் இருக்கிற வீடுகளைவிடக் கம்மி!

சரி, முதலில் கட்டடத்திலிருந்து தொடங்குவோம்.

கல் சொல்வதை எல்லாம் நம்பாதே

இங்கிலாந்தில் ஒரு பழைய தேவாலயத்தின் வயசைக் கணிக்க முதலில் பார்ப்பது ஜன்னலையும் வளைவையும்தான். வளைவு அரைவட்டமாக, சுவர் தடியாக இருந்தால் பெரும்பாலும் நார்மன் காலம், அதாவது 1066-க்குப் பிறகான நூறு, நூற்றிருபது வருஷம். ஜன்னல் ஒல்லியாக, உச்சி ஈட்டி மாதிரி கூர்மையாக இருந்தால் 13-ஆம் நூற்றாண்டு பக்கம். ஜன்னலுக்குள் கல்லிலேயே கொடி ஓடுவது மாதிரி வேலைப்பாடு இருந்தால் 14-ஆம் நூற்றாண்டின் முற்பாதி. அகலமான ஜன்னல், அதில் நேர்நேராக மேலே போகிற கல் கம்பிகள் இருந்தால் அதற்கும் பிந்தியது, 16-ஆம் நூற்றாண்டு தொடக்கம் வரைக்கும். இந்த நாலு வகையைத் தெரிந்துவைத்திருந்தால் போதும், எந்த ஊருக்குப் போனாலும் பாதி ஆராய்ச்சியாளர் ஆகிவிடலாம்.

ஆனால் இங்கேதான் ஒரு பள்ளம் இருக்கு. நானே அதில் விழுந்தேன். மோர்பாத் தேவாலயத்தின் போட்டோவைப் பார்த்ததும், கோபுரத்தின் உச்சியில் வீட்டுக் கூரை மாதிரி இருபக்கமும் சரிகிற ஓடு கண்ணில் பட்டது. "ஆஹா, எவ்வளவு பழசு!" என்று நோட்டில் எழுதிவைத்தேன். அப்புறம் படித்தால், அந்தக் கூரை வில்லியம் பட்டர்ஃபீல்டு என்ற விக்டோரியா காலத்துக் கட்டடக் கலைஞரின் வேலை. 1870-களின் பிற்பாதியில் அவர் இந்தத் தேவாலயத்தைப் புதுப்பித்திருக்கிறார். நான் இடைக்காலம் என்று நினைத்தது, ரயில் ஓடத் தொடங்கினதுக்குப் பிறகு வந்தது!

இது ஒரு ஊரின் கதை இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து முழுக்க ஆயிரக்கணக்கான கிராமத்துத் தேவாலயங்களைப் பிரித்து மேய்ந்துவிட்டார்கள். பழைய மாதிரியிலேயே புது ஜன்னல் வைத்தார்கள். அதனால் ஜன்னலின் வடிவம் 13-ஆம் நூற்றாண்டாகவும், கல் 19-ஆம் நூற்றாண்டாகவும் இருக்கலாம். கட்டடம் ஒரு தேதியைச் சொன்னால், காகிதத்தைக் கேட்டு உறுதிப்படுத்தணும். தேவாலயத்தில் எதை மாற்றுவதாக இருந்தாலும் மறைமாவட்டத்தின் அனுமதி வாங்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்த அனுமதித் தாள்கள், வரைபடங்கள் எல்லாம் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. யார் எதை எப்போது இடித்தார் என்பது அதில் வந்துவிடும்.

பதிவேடு: பெயர் இருக்கும், ஆள் இருக்க மாட்டார்

அடுத்தது மனிதர்கள். இங்கிலாந்தில் ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்கணும் என்று உத்தரவு வந்தது 1538-ல். போட்டவர் எட்டாம் ஹென்றி ராஜாவின் வலதுகையாக இருந்த தாமஸ் குரோம்வெல். அந்தப் புத்தகத்தை இரண்டு பூட்டு போட்ட பெட்டியில் வைக்கணும் என்றும் சொன்னார்கள். ஜனங்க என்ன நினைச்சாங்க தெரியுமா? "இது புது வரி போடுறதுக்கான ஏற்பாடு"ன்னு பயந்தாங்க. அரசாங்கம் பெயர் கேட்டாலே வர்ற பயம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

ஆரம்பத்தில் சாதாரணத் தாளில் எழுதினார்கள். அது நைந்துபோனது. 1598-ல், எல்லாவற்றையும் தோல் ஏட்டில் படியெடுங்கள், குறிப்பாக எலிசபெத் ராணி பட்டத்துக்கு வந்த 1558-லிருந்தாவது எடுங்கள் என்று உத்தரவு வந்தது. நிறையப் பேர் அந்தக் "குறிப்பாக"வைப் பிடித்துக்கொண்டு, அதற்கு முந்தின இருபது வருஷத்தை விட்டுவிட்டார்கள். அதனால்தான் பல ஊர்களில் பதிவேடு சரியாக 1558-ல் தொடங்கும். ஊர் அப்போது பிறந்ததால் இல்லை, எழுத்தருக்கு அலுப்பு வந்ததால்!

இன்னொரு சிக்கல், வருஷக் கணக்கு. 1752 வரைக்கும் இங்கிலாந்தில் புது வருஷம் சட்டப்படி பிறந்தது மார்ச் 25-ஆம் தேதி. முதலாம் சார்லஸ் ராஜாவின் தலையை வெட்டியது நம்ம கணக்குப்படி 1649 ஜனவரி 30. அவர்கள் கணக்கில் அது 1648. இது தெரியாமல் பதிவேட்டைப் படித்தால், ஏப்ரலில் ஞானஸ்நானம் வாங்கின குழந்தை, அடுத்து வந்த பிப்ரவரியில் அடக்கம் ஆனதும் "அதே வருஷம்" என்று இருக்கும். பிறப்பதற்கு முன்னாடியே செத்த மாதிரி குழம்பிப்போவோம்.

ஆனால் இந்தப் பதிவேட்டில் ஒரு பெரிய குறை இருக்கு. பெயர் இருக்கும், தேதி இருக்கும், அவ்வளவுதான். அந்த ஆள் கோபக்காரரா, கடன்காரரா, எதற்காகப் பயந்தார், எதை நேசித்தார்? ஒன்றும் தெரியாது. உயில் கிடைத்தால் கொஞ்சம் தெரியும். ஆனால் டெவன் மாவட்டத்தின் பழைய உயில்கள் எக்ஸெட்டர் நகரத்தில் இருந்தன. 1942 மே மாதம் ஜெர்மன் விமானங்கள் அந்த நகரத்தின் மேல் குண்டு போட்டன. உயில்கள் எரிந்துபோயின. ஒரே ராத்திரியில் ஒரு மாவட்டத்தின் பல நூற்றாண்டு ஞாபகம் சாம்பல்.

அப்போ மிச்சம் என்ன? கணக்கு நோட்டு.

சாமியாரின் கையெழுத்து

அந்தக் காலத்தில் ஒவ்வொரு தேவாலயத்துக்கும் ஊர்க்காரர்களிலிருந்தே வார்டன்கள் இருப்பார்கள். வரவு செலவு அவர்கள் பொறுப்பு. வருஷத்துக்கு ஒருமுறை ஊரைக் கூட்டி, கணக்கை வாசித்து ஒப்படைக்கணும். இந்த மாதிரிக் கணக்கு எல்லா ஊரிலும் எழுதியிருப்பார்கள். ஆனால் சுமார் 9,000 பங்குகளில், 16-ஆம் நூற்றாண்டுக் கணக்கு நமக்குக் கிடைத்திருப்பது சில நூறு ஊர்களுக்குத்தான். அதில் ஒன்று மோர்பாத்.

மோர்பாத் கணக்கை எழுதியது வார்டன்கள் இல்லை, பங்குச் சாமியார். பெயர் கிறிஸ்டோபர் டிரைக்கே என்று எழுதுவார்கள், உச்சரிப்பு டிரிக்கி. 1520-ல் அந்த ஊருக்கு வந்தார். 1574-ல் அங்கேயே செத்தார். 54 வருஷம், ஒரே ஊர். அதற்குள் ராஜ்ஜியத்தில் நாலு ஆட்சி, நாலு விதமான மதக் கொள்கை. எட்டாம் ஹென்றி போப்பை உதறினார். அவர் மகன் ஆறாம் எட்வர்டு பழைய வழிபாட்டையே ஒழித்தார். மகள் மேரி கத்தோலிக்கத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். இன்னொரு மகள் எலிசபெத் மறுபடியும் மாற்றினார். சாமியார் மட்டும் மாறவில்லை. நோட்டும் மாறவில்லை.

இந்தக் கணக்கு ஊர்முன்னால் சத்தமாக வாசிப்பதற்காக எழுதப்பட்டது. அதனால் அதில் ஒரு குரல் கேட்கிறது. யார் சரியாகக் காசு கொடுத்தார், யார் முரண்டு பிடித்தார், எந்தச் சண்டையை யார் சமாதானம் செய்தார், எல்லாம் வரும். 1904-ல் பின்னி என்ற பாதிரியார் இதை அச்சில் கொண்டுவந்தார். 2001-ல் வரலாற்றாசிரியர் ஈமன் டஃபி இந்த ஒரே நோட்டை வைத்து "தி வாய்சஸ் ஆஃப் மோர்பாத்" என்ற முழுப் புத்தகமே எழுதினார். நான் இன்னைக்குச் சொல்வதில் பெரும்பகுதி அந்த வழியாக வந்ததுதான்.

அந்த ஊர்த் தேவாலயம் எப்படி ஓடியது? ஆடுகளால். நிஜமாகவே ஆடுகள்! ஒவ்வொரு புனிதரின் பெயரிலும் ஒரு நிதி. அந்த நிதிக்கு ஒரு மந்தை. ஆனால் மந்தை ஒரே இடத்தில் மேயாது. இந்த வீட்டில் ஓர் ஆடு, அந்த வீட்டில் ஓர் ஆடு என்று ஊர் முழுக்கப் பிரித்து வளர்ப்பார்கள். கம்பளி விற்ற காசு சுரூபத்துக்கு முன்னால் எரிகிற மெழுகுவர்த்திக்குப் போகும். அதாவது ஏறக்குறைய எல்லா வீட்டுத் தொழுவத்திலும் சாமி ஆடு ஒன்று நிற்கும். இளைஞர்களுக்கென்று தனி நிதி, தனி வார்டன். இளம்பெண்களுக்கும் அப்படியே. வார்டன் பொறுப்பு முறைவைத்து வீடுவீடாகச் சுற்றி வந்ததால், விதவைகளும் அதை ஏற்றிருக்கிறார்கள்.

டிரைக்கே வந்த கொஞ்ச காலத்தில், எக்ஸெட்டரின் சொந்தப் புனிதையான சிட்வெல்லுக்கு ஒரு சுரூபம் வைத்தார். ஊரே அவளைத் தத்தெடுத்துக்கொண்டது. சாகும்போது பெண்கள் தங்கள் ஜெபமாலையை அவளுக்கு எழுதிவைத்தார்கள். பிறந்த பெண் குழந்தைகளுக்கு சிட்வெல் என்று பெயர் வைத்தார்கள்.

இன்னொன்று, கறுப்பு உடுப்பு. இறந்தவர்களுக்காக வைக்கிற பூசையில் சாமியார் போடுகிற கறுப்புத் திருவுடை. ஏழை ஊருக்கு அது பெரிய செலவு. டிரைக்கே தனக்கு வரவேண்டிய தசமபாகத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளாமல், அந்த உடுப்புக்கென்று வருஷாவருஷம் ஒதுக்கிவைத்தார். இருபது வருஷம்! கடைசியில் 1547-ல் உடுப்பு வந்து சேர்ந்தது.

1547. எட்டாம் ஹென்றி செத்து, ஒன்பது வயசு எட்வர்டு ராஜாவான வருஷம். அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் இறந்தவர்களுக்கான பூசையே சட்டப்படி இல்லாமல் போய்விட்டது. இருபது வருஷம் சேர்த்து வாங்கின உடுப்பை எதற்குப் போடுவது?

நான் இந்த இடத்தைப் படிக்கும்போது லேப்டாப்பை மூடிவைத்துவிட்டேன், உண்மையைச் சொல்றேன். "சீர்திருத்தம்" என்று பள்ளிக்கூடத்தில் ஒரே வரியில் படித்துவிட்டுப் போனோம். அந்த ஒரு வரி ஒரு ஊரில் இப்படி வந்து இறங்குது.

அந்த ஐந்து பேர்

சுரூபங்களை எடுக்கணும் என்று உத்தரவு. மெழுகுவர்த்தி கூடாது. அப்போ நிதி எதற்கு? ஆடு எதற்கு? ஆடுகளை விற்றார்கள். தேவாலயத்துக்காகப் பணம் திரட்டுகிற பீர் விருந்துகளும் நின்றன. வருமானம் போனது. ஆனால் புதுப் புத்தகம் வாங்கு, பீடத்தை இடி என்று செலவு மட்டும் வந்துகொண்டே இருந்தது. பூசை உடுப்புகளும் சாமான்களும் சத்தமில்லாமல் ஊர்க்காரர்கள் வீடுகளுக்குப் போயின.

1549 ஜூன் 9-ஆம் தேதி நாடு முழுக்க ஆங்கிலத்தில் புது ஜெபப் புத்தகம் நடைமுறைக்கு வந்தது. மறுநாளே டெவனில் சாம்ஃபோர்டு கோர்ட்னி என்ற கிராமத்தில் ஜனங்கள், பழைய பூசையையே வை என்று தங்கள் சாமியாரைக் கட்டாயப்படுத்தினார்கள். அது கலகமாக வெடித்தது. கார்ன்வாலிலிருந்து வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஜூலையில் எக்ஸெட்டர் நகரத்தை முற்றுகை போட்டார்கள். அரசப் படை வந்து ஆகஸ்டில் நசுக்கியது. செத்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

மோர்பாத் என்ன செய்தது? நோட்டில் இருக்கிறது. மெழுகுக்கு இவ்வளவு, கயிற்றுக்கு இவ்வளவு என்று வருகிற அதே செலவுப் பட்டியலில், அதே கையெழுத்தில், ஐந்து இளைஞர்களுக்குக் கொடுத்த பணம். அவர்கள் போன இடம், எக்ஸெட்டருக்கு வெளியே செயின்ட் டேவிட்ஸ் டவுன் மேட்டில் இருந்த முகாம். அது கலகக்காரர்களின் முகாம்.

பெயர்களையும் சொல்லிடறேன். வில்லியம் ஹர்லி. தாமஸ் போரேஜ். ஜான் டைம்வெல். கிறிஸ்டோபர் மோர்ஸ். ராபர்ட் சேயர். 33 குடும்பம் இருக்கிற ஊரிலிருந்து ஐந்து பையன்கள். சிலரின் பெயர் அதற்குப் பிறகு நோட்டில் வரவே இல்லை.

இங்கே நாம கொஞ்சம் நிதானமா இருக்கணும். ஆவணத்தைப் படிக்கிறதில் மிக முக்கியமான பாடம் இதுதான். நோட்டு சொல்வது: ஊர்ப் பணத்திலிருந்து ஐந்து பேருக்குக் கொடுத்தோம். நோட்டு சொல்லாதது: ஏன். ஊரே ஒருமனதாக அனுப்பியதா? கலகக்காரர்கள் மிரட்டி ஆள் கேட்டார்களா? பையன்கள் தாங்களாகக் கிளம்பினார்களா? ஐந்து பேரின் அம்மாக்கள் என்ன சொன்னார்கள்? எழுதினவர் சாமியார். "நாங்கள்" என்று அவர் எழுதும்போது அதற்குள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதைக் கணக்கு நோட்டு காட்டாது. பணம் கைமாறியது உண்மை. காரணம் நம்ம ஊகம். இரண்டையும் ஒரே பேனாவில் எழுதிவிடக் கூடாது.

ஆனாலும், சுரூபம், கறுப்பு உடுப்பு, விற்ற ஆடுகள் என்று அதுவரை படித்துவந்த 29 வருஷக் கணக்கை வைத்துப் பார்த்தால், அந்த ஊகம் காற்றில் தொங்கவில்லை. ஒரு வரியை வைத்துக் கதை கட்டக் கூடாது, ஒரு வரியை அதற்கு முன்னால் இருக்கிற நூறு பக்கத்தோடு வைத்துப் படிக்கணும்.

பிறகு என்ன?

1553-ல் மேரி ராணியானதும் ஒளித்துவைத்த சாமான்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒருவர் இதைக் கொண்டுவந்தார், இன்னொருவர் அதைக் கொண்டுவந்தார் என்று டிரைக்கே சந்தோஷமாக எழுதுகிறார். அந்தச் சந்தோஷம் ஐந்து வருஷம்தான். 1558-ல் எலிசபெத் வந்தார். மறுபடியும் பீடம் போய் மேஜை வந்தது, லத்தீன் போய் ஆங்கிலம் வந்தது.

டிரைக்கே வேலையை விடவில்லை. ஓடவில்லை. புதுப் புத்தகத்தை எடுத்துவைத்து வழிபாடு நடத்தினார். இன்னும் 16 வருஷம்.

"அப்போ அவர் கொள்கை இல்லாத ஆளா?" என்று என் எடிட்டர் கேட்டார். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் நோட்டைப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. அவருக்கு மதம் என்பது ஒரு கொள்கை அறிக்கை மட்டும் இல்லை. அந்த 33 குடும்பம்தான். 1549-ல் எதிர்த்தால் என்ன ஆகும் என்பதை அவர் பார்த்துவிட்டார். ஞானஸ்நானம் கொடுத்த குழந்தைகள், கல்யாணம் செய்துவைத்த ஜோடிகள், அடக்கம் செய்தவர்கள். இவர்களை விட்டுவிட்டு எங்கே போவது? இது கோழைத்தனமா, விசுவாசமா? நீங்களே முடிவு பண்ணுங்க. எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

நீங்களும் தேடலாம்

கடைசியாக, கேள்வி கேட்ட நேயருக்கு. அந்த வயல் நடுத் தேவாலயத்தைப் பற்றித் தெரிஞ்சுக்கணும்னா, இந்த வரிசையில் போங்க. முதலில் கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை, ஜன்னல்களைப் படம் எடுங்க. அடுத்து, நிக்கோலஸ் பெவ்ஸ்னர் தொடங்கிய "பில்டிங்ஸ் ஆஃப் இங்கிலாந்து" வரிசையில் அந்த மாவட்டத்தின் புத்தகத்தைப் பாருங்க. எது பழசு, எது விக்டோரியா காலத்து ஒட்டு என்று அதில் இருக்கும். மூன்றாவது, மாவட்ட ஆவணக் காப்பகம். பதிவேடும் வார்டன் கணக்கும் இப்போது பெரும்பாலும் தேவாலயத்தில் இருக்காது, அங்கேதான் இருக்கும். பதிவேடு தொலைந்திருந்தால் பிஷப்புக்கு வருஷாவருஷம் அனுப்பிய நகல் இருக்கான்னு கேளுங்க. பழைய கையெழுத்து முதல் நாள் கோழி கிளறின மாதிரி இருக்கும். ஒரு வாரத்தில் பழகிடும்.

இந்தப் பழக்கம் கப்பலேறி இங்கேயும் வந்தது. சென்னை ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிற செயின்ட் மேரீஸ் தேவாலயம் 1680-ல் அர்ச்சிக்கப்பட்டது. அதே வருஷம் அங்கே நடந்த எலிஹு யேலின் கல்யாணம் அதன் பதிவேட்டில் இருக்கிறது. ஆமாம், யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த அதே யேல்தான். 1538-ல் இரண்டு பூட்டுப் பெட்டியோடு தொடங்கினது, நம்ம கடற்கரைக்கு வந்து சேர்ந்திருக்கு பாருங்க.

அடுத்த முறை ஒரு பழைய கட்டடத்துக்குப் போனால் செல்ஃபி எடுத்து முடித்ததும், "இதோட கணக்கு நோட்டு எங்கே?"ன்னு யாரிடமாவது கேளுங்க. அதில் கம்பளி விலைக்கும் மெழுகு விலைக்கும் நடுவில் ஐந்து பேரின் பெயர் இருக்கலாம்.

உங்க ஊரில் அப்படி ஒரு நோட்டு இருந்தா எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.